போளைக் கொம்பனியும் திறக்காத பரலும்

இந்தத் தொழிலில் நான் எடுத்துவைத்த முதல் அடியே ஒரு தேநீர்க் கடையின் வாயை அடைத்தது.

பாலமொன்றால் பெருநிலத்தோடு இணைந்த எங்கள் சின்னத் தீவில், தாழ்வுபாட்டுக்குப் போகிற றோட்டில், எங்கள் தொழிற்சாலைக்கு நேர் எதிரே, அந்தத் தகரக் கூரைக் கடை. இப்போது நீங்கள் வடை வாங்கப் போகிற அதே கடைதான். அன்று காலை மர வாங்குகளில் இருக்க இடமில்லை. கடலால் வந்தவர்கள், கடலுக்குப் போகாதவர்கள், மோட்டார் சைக்கிளில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு நின்றவர்கள். என் ஒரு கையில் பிளேன்டீ, மறு கையில் போன். கொழும்பிலிருந்து வரவேண்டிய சாமான் வரவில்லை. உருளையை நிறுவியாகிவிட்டது, உள்ளே போட ஒன்றுமில்லை. ஆத்திரத்தில் போனுக்குள் கத்தினேன்.

"குண்டு இன்னும் வரேல்லையே தம்பி! பெரிய குண்டு மட்டும் காணாது, சின்னக் குண்டும் வேணும். இரண்டையும் கலந்து போட்டாத்தான் வேலை நடக்கும். கெதியா அனுப்பு!"

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். கடை முழுக்க மௌனம். கடைக்காரர் வானொலியைக் குறைத்திருந்தார். எனக்கு முன்னால் இருந்த மனிதர் பாதித் தேநீரை அப்படியே வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். பிறகு இன்னொருவர். ஒரு நிமிடத்தில் அந்த வாங்குகளில் நானும் ஒரு காகமும் மட்டும்.

நான் கேட்டது வழுவழுப்பான உருக்கு உருண்டைகளை. உருளைக்குள் போட்டு மருந்து அரைக்கிறவை. நான் பல வருடம் தெற்கே வேலை செய்துவிட்டு வந்தவன். சொல்லின் எடையை மறந்திருந்தேன். இந்தக் கரையில் சில சொற்களைப் போனில் சத்தமாகச் சொல்லக்கூடாது. யுத்தம் முடிந்துவிட்டது என்று காதுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

றோட்டைக் கடந்து வருவதற்குள் செய்தி எனக்கு முன்னால் போய்விட்டது. கேற்றடியில் மெற்றில்டா நின்றார். எங்கள் உற்பத்தி முகாமையாளர், என்னைவிடச் சில வயது இளையவர், இரசாயனம் படித்தவர். சிரிப்பை அடக்க முடியாமல் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணை, ஊருக்குள்ள இரண்டு சைஸில குண்டு கேட்டனீங்களாம்?"

"மிஸ், நான் வேற என்னெண்டு கேக்கிறது? அதின்ர பேர் அதுதானே."

"சின்ன வயசில கண்ணாடி உருண்டை உருட்டி விளையாடினனீங்கள்தானே. அதை என்னெண்டு சொல்லுவியள்?"

"போளை."

"அப்ப இண்டையிலயிருந்து போளை."

அவ்வளவுதான். அன்றிலிருந்து எங்கள் தொழிற்சாலையில் அந்தப் பழைய சொல் செத்தது. பெரிய போளை, சின்னப் போளை, தேய்ந்த போளை. ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. பெயர்ப்பலகையில் என்னென்னவோ எழுதியிருக்கிறது, அதை வாசிக்க ஆளில்லை. முச்சக்கரவண்டிக்காரரிடம் "போளைக் கொம்பனி" என்று சொல்லுங்கள், கேற்றில் இறக்கிவிடுவார்.

தம்பிமார், தங்கச்சிமார், நீங்கள் வேலைக்கு வந்திருப்பது இந்தக் கொம்பனிக்கு. இயந்திரங்களை எப்படி ஓட்டுவது என்று உங்களுக்குக் காட்டித்தர ஆட்கள் இருக்கிறார்கள். நான் அதைச் சொல்லப் போவதில்லை. ஐம்பத்தைந்தில் விலகி, இப்போது அந்தக் கடை வாங்கில் குந்தியிருக்கிற ஒரு பழைய இயந்திரக்காரன் சொல்லக்கூடியது ஒரு நாளின் கதையைத்தான். அந்த நாளில் ஒருவர் எப்படி நின்றார் என்பதைத்தான்.

முதலில், நாங்கள் என்ன செய்கிறோம் என்பதை என் பாஷையில் ஒருதரம் சொல்லிவிடுகிறேன். மற்ற இடங்களில் மருந்து தண்ணீரைப் போல ஓடும் திரவங்களுக்குள் பிறக்கிறது. கரைப்பான் என்று படித்திருப்பீர்கள். இரண்டு பொருள்களைச் சேர்க்க வேண்டுமா, இரண்டையும் கரை, கலக்கு, சூடாக்கு, பிறகு அந்தக் கரைப்பானை எல்லாம் விரட்டு. கைப்பிடி மருந்துக்கு வாளி வாளியாகக் கரைப்பான்; அது வருகிற பீப்பாயைத்தான் பரல் என்கிறோம். மருந்து குளிசையாகி நோயாளியிடம் போய்விடும். கரைப்பான் எங்கே போகும்? கொஞ்சம் திரும்ப வரும், கொஞ்சம் எரியும், கொஞ்சம் காற்றுக்கு, கொஞ்சம் மண்ணுக்கு. கொஞ்சம் மனிதனுக்குள்.

எங்கள் முறையில் கரைப்பான் இல்லை. இரண்டு காய்ந்த தூள்கள், ஒரு மூடிய உருளை, உள்ளே போளைகள். உருளை சுழலும், போளை விழும், இரண்டு போளைக்கு இடையில் அகப்பட்ட தூள் அந்த ஒரு கணத்தில் நசுங்கி, உடைந்து, பக்கத்திலிருப்பதைக் கட்டிப்பிடித்து, வேறொன்றாகிவிடும். புத்தகத்தில் இதற்குப் பெரிய பெயர் இருக்கிறது. எனக்கு அது பெயரில்லாத அதிசயம். தூளாகப் போனது தூளாகவே வெளியே வருகிறது, ஆனால் அது வேறு தூள். கையில் எடுத்தால் வித்தியாசம் தெரியாது. உள்ளே உலகமே மாறியிருக்கும். எத்தனை வருடம் பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை. மூடி திறக்கிற ஒவ்வொரு தடவையும் யாரோ பிறந்த வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி இருக்கும்.

இந்த முறையை இந்தத் தீவுக்குக் கொண்டுவந்தது மெற்றில்டாவின் பிடிவாதம். ஏன் தீவுக்கு என்று கேட்பீர்கள். அவருடைய ஆட்கள் இந்தக் கரைக்காரர். ஆனால் அவர் வளர்ந்தது கடலுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு அகதி முகாமொன்றில். அங்கேயே கல்லூரி முடித்துத் திரும்பிவந்தவர். பேச்சும் திரும்பி வந்துவிட்டது. எங்களைப் போலவே கதைப்பார். ஆனால் நெஞ்சு இறுகினால் முகாம் பேச்சு வெளியே வரும். "வாங்கோ" என்பவர் "வாங்க" என்பார். அந்தக் "கோ" விழுந்தால் நாங்கள் எல்லோரும் கையிலிருப்பதை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்போம்.

தொழிற்சாலை திறக்குமுன் கோயில் மண்டபத்தில் ஒரு கூட்டம். ஞாயிறு பூசை முடிந்து சனம் அப்படியே வந்திருந்தது. முன் வரிசையில் குரூஸ் அண்ணை, மீனவர் சங்கத் தலைவர், குரலே ஒரு விசைப்படகு. வாக்குறுதி கேட்டுக் கேட்டுக் காது புளித்த ஊர் அது; அவர் சுற்றி வளைக்கவில்லை.

"பிள்ளை, மருந்துக் கொம்பனியெண்டா பரல் பரலா வரும். பரல் வந்தா ஒழுகும். ஒழுகினா எங்கட கிணறு. எங்களுக்கு இருக்கிறது அது ஒண்டுதான்."

அவர் சொன்னது பொய்யில்லை. இந்தத் தீவில் நல்ல தண்ணீர் மணலுக்குள் ஒரு மெல்லிய பாயைப் போல உப்புத் தண்ணீருக்கு மேல் படுத்திருக்கிறது. பாயில் ஒரு கறை பட்டால் கழுவ இடமில்லை.

"பரல் வராது, அண்ணை. நாங்கள் ஒண்டையும் கரைக்கப் போறதில்லை."

"கரைக்காம மருந்தோ? ஆரை ஏமாத்திறியள்?"

மெற்றில்டா மேசையிலிருந்த மெழுகுதிரித் தட்டிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். ஒரு குச்சியை உரசினார். பற்றியது. அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"இதுக்கு நான் என்ன ஊத்தினனான்?"

மண்டபம் ஒரு கணம் அந்தச் சுடரைப் பார்த்தது.

"உரசினன், பத்திச்சு. காய்ஞ்ச சாமான் இரண்டு, ஒரு உரசல். அதுதான் எங்கட வேலையும்."

"அப்ப மருந்துக் கொம்பனி இல்லை, தீப்பெட்டிக் கொம்பனி!" என்றது பின் வரிசை. சிரிப்பு எழுந்தது. குரூஸ் அண்ணை சிரிக்கவில்லை.

"வாய் வார்த்தை வேண்டாம் பிள்ளை. ஒரு பரல் வந்தா?"

"ஒரு பரல் கரைப்பான் அந்தக் கேற்றுக்குள்ள வந்தா, நீங்களே வந்து கேற்றைப் பூட்டுங்கோ."

"பூட்டும் எங்கட, திறப்பும் எங்கட. சரியோ?"

"ஓம்."

அந்த ஒரு "ஓம்"மில்தான் தொழிற்சாலை நின்றது. அத்திவாரம் சீமெந்தில் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

என் கதையையும் ஒரு சிறு துண்டாகச் சொல்லவேண்டும், பின்னால் தேவைப்படும். தெற்கே நான் வேலை செய்த தொழிற்சாலைகள் எல்லாம் கரைப்பான் தொழிற்சாலைகள். குழாய் ஒழுகினால் நான், கரைப்பான் தேங்கும் தாங்கி வெடித்தால் நான், வால்வு இறுகினால் நான். முதல் வருடங்களில் தலையிடிக்கும். பிறகு தலையிடி பழகிவிட்டது. ஒருநாள் வீட்டில் சோறு அடிப்பிடித்து எரிந்து புகை கிளம்பும்வரை பக்கத்திலேயே இருந்து பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் தெரிந்தது, மணம் போய்விட்டது. டொக்டர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, திரும்பாது என்ற பொருளில் தலையை ஆட்டினார். மீன் காயும் கரையில் பிறந்தவனுக்குக் கருவாடு மணக்காது. இதை நான் யாருக்கும் சொல்லவில்லை. இயந்திரக்காரனுக்கு மூக்கில்லை என்றால் யார் வேலை தருவார்கள்?

இனி அந்த நாள்.

மருந்து ஒன்றை எங்களிடம் வாங்கவிருந்த நிறுவனம் ஒரு நிபந்தனை வைத்திருந்தது. ஒரே மருந்து, மூன்று தரம் தொடர்ந்து, ஒரே மாதிரி வரவேண்டும். வந்தால் இந்த முறைக்கு ஒப்புதல். வராவிட்டால் எங்கள் தலைமைக் கந்தோர் ஏற்கெனவே முடிவெடுத்திருந்தது: இதே கட்டடத்துக்குள் பழைய முறை வரும், தாங்கி வரும், குழாய் வரும், பரல் வரும். மெற்றில்டாவின் "ஓம்" மணலுக்குள் போகும்.

முதல் இரண்டு தரமும் அழகு. மூன்றாவது அன்று காலை. பின்னேரம் வாங்குபவர்களின் தரப் பரிசோதகர்கள் வந்து மூடி திறப்பதைப் பார்ப்பதாக ஏற்பாடு.

காற்று விழுந்த நாள் அது. தென்மேற்குச் சோளகக் காற்று ஓய்ந்து வாடை இன்னும் எழும்பாத, இரண்டுக்கும் நடுவிலான அந்தச் செத்த வெயில். கரையோரத்துக் காற்றாலைகள் கை விரித்து அசையாமல் நின்றன. கழுதைகள் மதிலோர நிழலை விட்டு அசையவில்லை. இரண்டாவது ஓட்டம் முடிந்த சூட்டோடு மூன்றாவதைத் தொடங்கியிருந்தோம். எல்லோருக்கும் அவசரம். உருளைக்கும் மூச்சு விட நேரம் கொடுக்கவில்லை.

ஒழுங்காக ஓடும் உருளையின் சத்தம் தகரக் கூரையில் பெருமழை பெய்கிற சத்தம். பழகினால் அதற்குள் நித்திரைகூட வரும். (காதுக்கு உறை போடாமல் உள்ளே போகாதீர்கள். என் மூக்கைப் பழைய தொழில் கொண்டுபோனது, காதில் கொஞ்சத்தை இந்தத் தொழிலும் கேட்டு வாங்கிக்கொண்டது. நல்ல தொழிலுக்கும் பசி உண்டு.) அன்று காலை அந்த மழை மெல்ல மெல்ல ஓய்ந்தது. பிறகு சத்தமே இல்லை. உருளை சுற்றுகிறது, உள்ளே எதுவும் விழவில்லை.

திறந்து பார்த்தோம். தூள் இல்லை. மஞ்சள் கலந்த பிசின். தொதல் இனிப்புக்குள் கஜுப் பருப்பு பதிந்திருப்பதைப் போல அதற்குள் போளைகள் பதிந்துகிடந்தன.

என் கை நேராக வேகப் பிடிக்குப் போனது. எந்த இயந்திரக்காரனின் கையும் அங்கேதான் போகும். ஒட்டினால் உதறு, உதறாவிட்டால் இன்னும் வேகமாக உதறு.

"நிறுத்துங்க!"

"கோ" விழுந்துவிட்டது. நான் பிடியிலிருந்து கையை எடுத்தேன்.

மெற்றில்டா உருளைக்குள் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். யாரோ மேலிடத்துக்குச் செய்தி கொடுத்திருக்கவேண்டும், மேசையில் போன் அடித்தது. தலைமைக் கந்தோர். செய்முறைக்குப் பொறுப்பான பணிப்பாளர். கெட்டவர் இல்லை, பயந்தவர். மெற்றில்டா போனை ஒலிபெருக்கியில் போட்டார்.

"மிஸ், பிசினாகிட்டதாமே. பரவாயில்லை. கரைப்பானில் கரைச்சு, வடிச்சு, காயவைங்க. பழைய முறைதானே, இரண்டு மணித்தியாலத்தில் தூள் கையில். வந்து பார்க்கிறவங்களுக்குத் தூள்தான் தெரியும்."

"கரைப்பான் இங்க இல்லை, சேர்."

"இருக்கு. முன்னெச்சரிக்கையாக ஒரு பரல் வாங்கி, பாலத்துக்கு அங்கால ஒரு களஞ்சியத்தில் வைச்சிருக்கு. லொறி வெளிக்கிட்டுவிட்டது. ஒரு பரல்தானே, மிஸ்."

போன் வைக்கப்பட்டது. அந்த "ஒரு பரல்தானே" மட்டும் கூடத்துக்குள் கொஞ்ச நேரம் நின்றது.

ஒன்று கவனியுங்கள். மெற்றில்டா அந்த இடத்திலேயே வீரம் பேசவில்லை. கதிரையில் இருந்தார். நெற்றியைக் கையால் தாங்கிக்கொண்டார். அவருக்குக் கீழே வேலை செய்கிற அத்தனை பேரின் அடுத்த மாதமும் அந்தப் பிசினுக்குள் பதிந்திருந்தது. மூடிய தாங்கிக்குள், ஒரே ஒரு தடவை, யாருக்கும் தெரியாமல் கரைத்துவிடலாம். நானே சொல்லியிருப்பேன், செய்வோம் மிஸ் என்று. வாய்வரை வந்தது.

லொறி கேற்றுக்கு வெளியே வந்து நின்றது. பின் தட்டில் நீலப் பரல் ஒன்று, வெயிலில் மினுங்கிக்கொண்டு. ஒரு கழுதை எழும்பி வந்து லொறி நிழலில் படுத்தது. எதிர்க் கடையில் பேச்சு நின்றது. அந்தக் கடையின் மௌனம் எனக்குப் பழக்கமானது.

மெற்றில்டா வெளியே வந்தார். நான் பின்னால்.

"அண்ணை, ஏறி மணந்து பாருங்க. ஒழுகுதா எண்டு."

ஏறினேன். மூடிக்குப் பக்கத்தில் முகத்தை வைத்தேன். இழுத்தேன். வெறும் காற்று. உள்ளே ஒரு கடலே நிறைந்திருந்தாலும் எனக்கு வெறும் காற்றுத்தான். பொய் சொல்லியிருக்கலாம். "ஒழுகேல்லை" என்று ஒரு சொல். ஆனால் சொல்லிவிட்டு இறங்கினால், ஒழுகிக்கொண்டிருந்தால்?

"மிஸ், எனக்கு மணக்காது."

"ஒழுகேல்லையோ?"

"அதில்லை. எனக்கு ஒண்டும் மணக்காது. கன வருசமா."

அவர் என்னை அண்ணாந்து பார்த்தார். நான் பரலுக்குப் பக்கத்தில், லொறித் தட்டில், பள்ளிக்கூடத்தில் மேசைமேல் ஏற்றி நிறுத்தப்பட்டவன் மாதிரி நின்றேன்.

"உங்களுக்குக் கருவாடு?"

"மணக்காது."

"மழை பெய்தா, மண்?"

"இல்லை, மிஸ்."

"இதாலயா?" பரலைக் காட்டினார்.

"இதைப் போல கனக்கப் பரலால."

அவர் முகத்தில் ஏதோ ஒன்று முடிந்தது. நெற்றியைத் தாங்கிக்கொண்டிருந்த கேள்வி அங்கேதான் இறங்கியது என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் நான் இன்றுவரை வியந்துகொண்டிருக்கிறேன். பரலை ஒளிக்கவில்லை. லொறியைப் பின்வழியாகத் திருப்பி அனுப்பவில்லை. நேராக றோட்டைக் கடந்து, கடைக்குள் போய், குரூஸ் அண்ணைக்கு முன்னால் நின்றார்.

"அண்ணை, பரல் வந்திருக்கு. நான் கேட்டு வரேல்லை. திறக்கச் சொல்லுகினம். திறக்கமாட்டன். ஆனா நான் சொல்லுறதை நீங்கள் நம்பத் தேவையில்லை. வந்து பக்கத்தில இருங்கோ."

"கோ" திரும்பி வந்துவிட்டது. அப்போதே எனக்குத் தெரிந்தது, இனிப் பயமில்லை.

குரூஸ் அண்ணை எழும்பினார். கடைக்காரரின் பிளாஸ்டிக் கதிரை ஒன்றைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வந்தார். லொறித் தட்டில் ஏறி, மூடியை மணந்து ஒழுகவில்லை என்று பார்த்துவிட்டு, பரலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு அமர்ந்தார்.

லொறிக்காரருக்குக் கோபம். "ஐயா, நான் போகவேணும்."

"போகலாம் தம்பி. கொழும்புக்காரர் வந்து பார்த்தாப் பிறகு நீரும் போகலாம், இவரும் போகலாம்." பரலில் ஒரு தட்டு. "அதுவரை நாங்கள் இரண்டு பேரும் கதைச்சுக்கொண்டிருக்கிறம்."

மெற்றில்டா உள்ளே வந்து தலைமைக் கந்தோருக்குப் போன் எடுத்தார். பரல் திறக்கப்படாது, பரிசோதகர்களிடம் நடந்ததை நடந்தபடி சொல்லப்போகிறேன் என்றார். மறுமுனை நிறையப் பேசியது. இவர் "ஓம் சேர், விளங்குது சேர், திறக்கமாட்டன் சேர்" என்ற மூன்றையும் மாற்றி மாற்றிச் சொன்னார்.

பிறகு பிசினுக்குத் திரும்பினார். இப்போதுதான் அவருக்கு அதைப் பார்க்க நேரம் கிடைத்தது. யோசிப்பதற்கு முதலில் பயம் ஒழியவேண்டும். அதைத்தான் அவர் வெளியே போய் ஒழித்துவிட்டு வந்தார்.

"அண்ணை, இது பழுதாகேல்லை. நடுவழியில நிக்குது. பாதி மாறியிருக்கு, பாதி மாறேல்லை. பழசும் புதுசும் கலந்துகிடந்தா லேசில உருகும். ஐஸுக்கு உப்புப் போட்டா உருகுதெல்லே, அதைப் போல. இண்டைக்கு இருக்கிற சூடு அதுக்குக் காணும்."

"அப்ப?"

"சூட்டில உருகினது குளிரில இறுகும். இறுகினா உடையும். உடைஞ்சா போளைக்கு வேலை இருக்கு. குளிராக்கவேணும்."

உருளைக்கு வெளியே தண்ணீர் ஓடுகிற ஒரு மேலுறை இருந்தது. ஆனால் எங்களிடம் குளிராக்கும் இயந்திரம் இல்லை. தாங்கித் தண்ணீர் வெந்நீராக இருந்தது. ஐஸ் வேண்டும். மதிய வெயிலில் இந்தத் தீவில் ஐஸ் யாரிடம் இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. லொறித் தட்டைப் பார்த்துக் கத்தினேன்.

"குரூஸ் அண்ணை! ஐஸ் இருக்கோ?"

"இருக்கு. ஆனா அதுக்குள்ள மீன் இருக்கு."

"மீனை எடுத்துப்போட்டுத் தாங்கோ!"

"மீனை எங்க வைக்கிறது, உன்ர தலையிலயோ?" என்றவர், கதிரையை விட்டு எழும்பாமலேயே போன் எடுத்தார். கொஞ்ச நேரத்தில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக வந்தன. பெட்டி பெட்டியாக உடைத்த ஐஸ். மீன் எங்கே போனது என்று நான் கேட்கவில்லை. அன்று ஊரில் எல்லா வீட்டிலும் மத்தியானமே மீன் குழம்பு என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஐஸைத் தாங்கிக்குள் கொட்டி, அந்தத் தண்ணீரை மேலுறைக்குள் ஓடவிட்டோம். மருந்து உள்ளே, மூடி இறுகப் பூட்டியபடி. ஐஸ் தண்ணீர் வெளியே, அதன் சுவருக்கு அப்பால். பம்பின் வடிகட்டியில் மீன் செதில் வந்து வந்து அடைத்தது. நான் வடிகட்டியைக் கழற்றிச் செதிலை வழித்துக்கொண்டே இருந்தேன். மற்றவர்கள் முகத்தைச் சுழித்துக்கொண்டு எட்ட எட்டப் போவதைப் பார்த்து, என்ன இவர்கள் வேலைக்குக் கள்ளம் அடிக்கிறார்கள் என்று ஏசினேன். யாரும் காரணம் சொல்லவில்லை.

உருளையை உடனே சுழற்ற மெற்றில்டா விடவில்லை. கிடக்கட்டும் என்றார். எல்லோரும் நேரத்தைப் பார்க்க, அவர் உருளையில் கையை வைத்துக்கொண்டு நின்றார், காய்ச்சல்காரரின் நெற்றியில் வைப்பதைப் போல. பிறகு சொன்னார், கொஞ்சம் ஓட்டுங்கோ. ஓட்டினேன். நிற்பாட்டுங்கோ. நிற்பாட்டினேன். திரும்பக் குளிரட்டும். கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் ஓய்வு. எனக்குப் பைத்தியம் பிடிக்கும் போலிருந்தது. வேலை ஓடும்போதுதான் நடக்கிறது என்று நம்பி வளர்ந்தவன் நான். கிடக்கும்போதும் உள்ளே மாறுகிறது என்பதை அன்றுதான் கண்டேன். நசுங்கிய தூள் சும்மா கிடக்கையிலும் தன் பாட்டில் கைகோத்துக்கொண்டிருக்கும்.

முதலில் ஒரு போளை விழுந்தது. "டங்." ஒற்றைத் துளி. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு இன்னொன்று. பிறகு சிதறலாகச் சில. பிறகு மழை. தகரக் கூரையில் பெய்கிற அந்தப் பழைய பெருமழை. மெற்றில்டா சுவரில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டு அதில் நனைந்தார்.

பரிசோதகர்கள் இருவர் வந்தார்கள். மூத்தவர் ஒரு பெண். கேற்றில் லொறியையும், தட்டில் பரலையும், பரலுக்குப் பக்கத்துக் கதிரையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த குரூஸ் அண்ணையையும், கீழே கழுதையையும் வரிசையாகப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். கூடத்து வாசலில் நின்று மூக்கைப் பொத்தினார்.

"மிஸ், இது மருந்துக் கூடமா, மீன் சந்தையா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தக் கூடம் முழுக்க நாறிக்கொண்டிருந்திருக்கிறது. என்னைத் தவிர எல்லோருக்கும்.

"இண்டைக்கு இரண்டும்தான்," என்றார் மெற்றில்டா. "ஆனா உருளைக்குள்ள மருந்து மட்டும்தான் இருக்கு. பூட்டை நீங்களே பாருங்கோ. மூடியையும் நீங்களே திறவுங்கோ."

எல்லாவற்றையும் சொன்னார். பிசின், சூடு, போன், பரல், ஐஸ், செதில். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மூடி திறந்தது. வெள்ளைத் தூள், போளைகளின் மேல் பவுடர் பூசியதைப் போல. மாதிரி எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து அறைக் கருவியில் பார்த்தார்கள். முழுக்க மாறியிருந்தது. பழையது ஒரு துகளும் இல்லை.

ஆனால் அந்தப் பெண் நேர்மையானவர். "இதை மூன்றாவதாக எடுக்கமாட்டேன், மிஸ். முதல் இரண்டும் இப்படிக் குளிரவைத்துச் செய்ததல்ல. ஒரே மாதிரி என்றால் ஒரே மாதிரி."

மெற்றில்டா தலையை ஆட்டினார். "சரிதான். நானும் எடுக்கமாட்டன்."

பரிசோதகர் வாசலால் வெளியே, அந்தப் பரலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அதைத் திறந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காதே?"

"தெரிஞ்சிருக்காது."

"குளிராக்கும் இயந்திரம் ஒன்று பொருத்துங்கள். மூன்றையும் முதலிலிருந்து செய்யுங்கள். நான் வந்து பார்க்கிறேன். முறையில் பிழையில்லை என்று உங்கள் தலைமைக் கந்தோருக்கு நானே சொல்கிறேன்."

அப்படியே நடந்தது. இயந்திரம் வந்தது, மூன்று தரமும் ஒரே மாதிரி வந்தது, பரலைப் பற்றிப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. நீங்கள் இன்று நிற்கிற கூடத்தில் கரைப்பான் தாங்கி இல்லை, கரைப்பான் குழாய் இல்லை. அவை இல்லாத அந்த வெற்றிடத்தைத்தான் அவர் கட்டினார். பார்க்கத் தெரியாதவருக்கு அது வெறும் சுவர்.

அன்று பொழுதுபடும் நேரம் லொறி வெளிக்கிட்டது. குரூஸ் அண்ணை கதிரையோடு இறங்கினார். நாங்கள் யாரும் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது "போறன்" என்று சொல்லமாட்டோம், "போயிட்டு வாறன்" என்போம் என்பது தெரியும்தானே. அவர் பரலில் கையை வைத்துச் சொன்னார்:

"இஞ்ச பார். போ. 'வாறன்' எண்டு மட்டும் சொல்லிப்போடாத."

கடை முழுக்கச் சிரித்தது. என்னைக் கண்டு மௌனமான அதே கடை. யாரோ எனக்கு ஒரு பிளேன்டீ நீட்டினார். "என்னண்ணை, போளை விழுந்திச்சோ?"

"விழுந்திச்சு," என்றேன்.

இப்போதும் மெற்றில்டா சில பின்னேரங்களில் வேலை முடிந்து றோட்டைக் கடந்து வருவார். வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருப்பார். தாழ்வுபாட்டுப் பக்கமிருந்து காற்று வரும்போது, நான் கேட்காமலேயே சொல்வார்: "இண்டைக்குச் சூடை மீன் காயப்போட்டிருக்கினம், அண்ணை." அல்லது, "திருக்கை." அல்லது, "மழை வரப்போகுது." எனக்கு வராத மணத்தைச் சொல்லாக்கித் தருவார். அந்த நாளுக்குப் பிறகு தொடங்கிய பழக்கம். இதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் கதைத்ததில்லை.

உங்களுக்கு நான் சொல்ல இருப்பது இதுதான். வேலை முடிந்து கேற்றுக்கு வெளியே வந்ததும் ஒரு கணம் நில்லுங்கள். மூச்சை நன்றாக இழுங்கள். கருவாடு மணக்கிறதா, மழை மணக்கிறதா, எதிர்க் கடையில் வடை எண்ணெய் மணக்கிறதா என்று பாருங்கள். மணந்தால் அன்றைய வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது.

பிறகு றோட்டைக் கடந்து வந்து, என்ன மணந்தது என்று எனக்கும் சொல்லிவிட்டுப் போங்கள்.